புதுக் கதிரை வாங்கப் போறோம். வலி கதிரையிலயா, மேசையிலயா?

டிக்கோயா மைனா | திங்கள், இரவு 8.10

எல்லாருக்கும் வணக்கம். டிக்கோயா பக்கம் ஒரு தோட்ட ஆபீஸ்ல கிளாக்கரா இருக்கேன், நாலு வருசமாச்சி. செக்ரோல் (வேலையாளுங்க பேர்ப் பதிவு), சம்பளம், ஈபிஎஃப் எல்லாம் இப்ப கொம்பியூட்டர்லதான். பத்தாந்தேதி சம்பளம். அதனால ஒண்ணாந்தேதியில இருந்து எட்டாந்தேதி வரைக்கும் காலையில உக்காந்தா சாயங்காலம்தான் எழும்புறது. அந்த எட்டு நாளும் வலது தோள் கல்லா இறுகிரும். கழுத்து இடது பக்கம் திரும்பாது. இப்ப கொஞ்ச நாளா ராத்திரி கை மரத்துப்போயி, எழும்பி உதறிட்டுத்தான் திரும்பப் படுக்கிறேன்.

நல்ல செய்தி என்னான்னா, ஆபீஸுக்கு ஆறு கதிரை வாங்க தோட்ட மனேஜர் துரை சரி சொல்லிட்டாரு. ஹட்டன்ல ஒரு கடையில கறுப்பு ரெக்சின் போட்டு, தலை வரைக்கும் சாய்மானம் வச்ச பெரிய கதிரை பார்த்தோம். உக்காந்தா மெத்துன்னு இருக்கு. பெரிய கிளாக்கர் அதையே எடுப்போம்ங்கிறாரு. அத வாங்கினா வலி போகுமா? நான் அஞ்சடி உயரம்தான். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கொட்டகலை பாஸ் | திங்கள், இரவு 8.41

தங்கச்சி, கதிரைய விடுங்க. மேசை என்ன உயரம்?

மரவேலைக்காரன் சொல்றேன்னு நெனைக்காதீங்க. என்கிட்ட வர்ற பத்துப் பேர்ல எட்டுப் பேர் கதிரைதான் கேப்பாங்க. போயி பார்த்தா கோளாறு மேசையில இருக்கும். நாளைக்கு ஒரு தையல் டேப் எடுத்துட்டுப் போங்க. இப்ப இருக்கிற கதிரையில நல்லா பின்னால தள்ளி உக்காருங்க. பாதம் ரெண்டும் முழுசா பதியணும். பதியலன்னா அடியில எதையாவது வச்சி பதிய வைங்க. தோள இறக்கி விட்டு, முழங்கைய 'ட' எழுத்து மாதிரி மடக்குங்க. தரையில இருந்து முழங்கை அடி வரைக்கும் எத்தனை இஞ்சின்னு பக்கத்துல உள்ளவங்கள விட்டு அளக்கச் சொல்லுங்க. நீங்களே குனிஞ்சி அளந்தா கணக்கு பிழைச்சிரும். அப்புறம் மேசை, கதிரை ரெண்டையும் அளந்து போடுங்க.

தலவாக்கலை ராசா | திங்கள், இரவு 9.05

மன்னிக்கணும். மழையில அட்டைக்கடியோட கூடை சுமந்து மலை ஏறுற சனத்துக்கு வராத வலியா ஆபீஸ்ல ஃபேன் இல்லாம குளுகுளுன்னு உக்காந்திருக்கவங்களுக்கு வருது? எங்க அப்பா காலத்துல மரக் கதிரைதான். யாரும் இஞ்சி டேப் தூக்கிட்டு அலையல.

டிக்கோயா மைனா | திங்கள், இரவு 9.30

ராசா அண்ணே, எங்கம்மாவும் மலையிலதான் வேலை செஞ்சாங்க. கூடைக்கயிறு தலையில எந்த எடத்துல இருக்கணும்னு அவங்களுக்கு ஒரு கணக்கு இருக்கு. நெத்திக்கு இறங்கினா கழுத்து போயிரும், உச்சிக்கு ஏறினா வழுக்கும்பாங்க. அதுக்குன்னே பழைய சேலைத் துணிய நாலா மடிச்சி வச்சிருப்பாங்க. வேற யாராவது மாத்தி மடிச்சிட்டா அன்னைக்கி வீட்டுல சண்டைதான். அவங்க அளந்தது துணியில, நான் டேப்புல அளக்கிறேன், அவ்வளவுதான். வலி வலிதானே.

பிசியோ அக்கா, பதுளை | திங்கள், இரவு 10.02

மைனா, உங்ககிட்ட ஒரு கேள்வி. மரத்துப் போறது எந்த விரல்? அஞ்சு விரலுமா, இல்ல சிலதா? ராத்திரி மரத்துப் போறப்ப நல்லா கவனிச்சி வந்து சொல்லுங்க.

டிக்கோயா மைனா | செவ்வாய், மாலை 6.50

பாஸ் அண்ணே, அளந்தாச்சி. மேசை முப்பதரை இஞ்சி. வெள்ளைக்காரன் காலத்துத் தேக்கு மேசை, நாலு பேர் சேந்தாத்தான் அசையும். கதிரை 18. கால் முழுசா பதியல, குதிகால் தூக்கிட்டு நின்னிச்சி. அதனால அடியில ஏ-ஃபோர் பேப்பர் ரீம் ஒண்ணும் ஒரு ஃபைலும் வச்சோம், மொத்தம் ரெண்டரை இஞ்சி. தரையில இருந்து முழங்கை இருபத்தாறரை. பியூன் அண்ணன்தான் அளந்தாரு. மூணு தடவை அளந்தும் அதேதான்.

அக்கா, பெருவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல். சுண்டுவிரல்ல ஒண்ணும் இல்ல.

கொட்டகலை பாஸ் | செவ்வாய், இரவு 7.20

பார்த்தீங்களா, நாலு இஞ்சி வித்தியாசம். அந்த நாலு இஞ்சிய நாள் முழுக்க உங்க தோள்தான் தூக்கி வச்சிருக்கு. பத்து மணி நேரம் தோளத் தூக்கி வச்சிட்டு யாரால இருக்க முடியும்?

இப்ப அந்த ரெக்சின் கதிரைக் கணக்குக்கு வருவோம். மேசைக்கு ஈடா கையை வைக்கணும்னா நீங்க உக்கார்ற எடம் 22 இஞ்சில இருக்கணும். கடையில விக்கிற, கேஸ்ல ஏறி இறங்குற கதிரை அநேகமா 20, 21க்கு மேல ஏறாது. அப்படியே ஏறினாலும் காலுக்கு அடியில ஆறு இஞ்சிக்கு மேல பலகை போடணும். அடுத்தது, அந்தப் பெரிய கதிரைங்கள்ல உக்கார்ற பலகை நீளம். முதுகு சாய்மானத்துல படுற மாதிரி உக்காந்தா முழங்கால் பின்பக்கத்துக்கும் கதிரை விளிம்புக்கும் நடுவுல ரெண்டு மூணு விரல் போகணும். அஞ்சடி ஆளுக்கு அதுல போகாது. ஒண்ணு விளிம்பு நரம்ப அழுத்தும், இல்லாட்டி சாய்மானத்த விட்டுட்டு முன்னால வந்து குந்துவீங்க. அப்ப சாய்மானம் யாருக்கு? கைப்பிடி வேற மேசை விளிம்புல முட்டி உங்கள கிட்டப் போக விடாது. கடையில அஞ்சு நிமிசம் உக்காந்து பார்க்கிறப்ப இது ஒண்ணும் தெரியாது. மெத்துன்னு இருக்கிறது மட்டுந்தான் தெரியும்.

எனக்குத் தெரிஞ்ச நேர் வழி மேசைக் கால அறுக்கிறது. நாலு இஞ்சி.

டிக்கோயா மைனா | செவ்வாய், இரவு 7.26

ஐயோ அண்ணே, மேசை இன்வென்ட்ரில இருக்கு. கால அறுத்தா என்னையும் சேத்து அறுத்துருவாங்க.

கொட்டகலை பாஸ் | செவ்வாய், இரவு 7.33

அப்ப நடு லாச்சிய கழட்டி வச்சிட்டு அந்த எடத்துல கீபோர்டுக்கு ஒரு பலகை அடிக்கலாம். மேல் மட்டம் 26ல வரணும். லாச்சிய பத்திரமா வச்சிட்டா கேக்குறப்ப திரும்ப மாட்டிக் குடுக்கலாம். ஆனா மவுஸும் அதே பலகையில நிக்கணும். கீபோர்ட் கீழயும் மவுஸ் மேலயும் இருந்தா தோள் வலி அங்கேயேதான். கீபோர்ட் பதினேழரை, மவுஸுக்கு எட்டு, கிட்டத்தட்ட 26 இஞ்சி அகலம் தேவை. கால் நுழையுற எடத்துல அவ்வளவு அகலம் இருக்கா பாருங்க. இழுக்கிற சட்டம் மட்டும் போடாதீங்க. ஒரு லீசிங் ஆபீஸுக்கு நானே மலிவு சட்டம் போட்டுக் குடுத்து, தட்டுறப்ப எல்லாம் ஆடுதுன்னு திட்டு வாங்கிருக்கேன். அசையாத பலகைதான் நல்லது.

பிசியோ அக்கா, பதுளை | செவ்வாய், இரவு 9.15

மைனா, பெருவிரல், ஆட்காட்டி, நடுவிரல், மோதிர விரல்ல பாதி: இந்த எடங்களுக்கு உணர்ச்சி குடுக்கிறது ஒரே நரம்பு. அது மணிக்கட்டுல ஒரு குறுகலான வழியா உள்ள போகுது. அங்க இறுக்கம் வந்தா ராத்திரி மரத்துப் போறது, உதறினா சரியாகிறது எல்லாம் வரும். சுண்டுவிரலுக்கு வேற நரம்பு, அதனாலதான் விரலக் கேட்டேன். ஆனா எழுத்துல கேட்டுட்டு இதுதான்னு சொல்ல முடியாது. ஆஸ்பத்திரி கிளினிக்ல காட்டுங்க. நரம்புல மின்சாரம் ஓடுற வேகத்த பார்க்கிற டெஸ்ட் ஒண்ணு இருக்கு. சீனி வருத்தம், தைராய்டு இருந்தாலும் இப்படி வரும், அதனால ரத்தமும் பார்க்கச் சொல்லுவாங்க. டீ கோப்பை கையில இருந்து நழுவ ஆரம்பிச்சாலோ, பெருவிரல் அடிச் சதை வத்தினாலோ அடுத்த தவணை வரைக்கும் காத்திருக்காதீங்க.

அதுவரைக்கும் ஒரு காரியம் செய்யுங்க. கீபோர்டுக்குப் பின்னால ரெண்டு குட்டிக் கால் இருக்கும். விரிச்சி வச்சிருக்கீங்களா?

டிக்கோயா மைனா | செவ்வாய், இரவு 9.22

ஆமாக்கா. எல்லாரும் விரிச்சித்தான் வச்சிருக்கோம். அதுக்குத்தானே குடுத்திருக்கான்?

பிசியோ அக்கா, பதுளை | செவ்வாய், இரவு 9.40

மடக்கிருங்க. அது எழுத்துப் பார்த்து அடிக்கிறவங்க வசதிக்கு. விரிச்சா மணிக்கட்டு மேல வளைஞ்சிட்டே இருக்கும். கைய நேரா நீட்டினா மணிக்கட்டுல மடிப்பு விழக்கூடாது, அதுதான் குறி. மேசை விளிம்புல மணிக்கட்ட ஊன்றாதீங்க. தேக்கு மேசைன்னா விளிம்பு கூரா இருக்கும், குளிருல இன்னும் மோசம். படுக்கிறப்ப மணிக்கட்ட நேரா வைக்கிற பட்டி ஒண்ணு பார்மசியில கிடைக்கும். அத எப்படிக் கட்டுறதுன்னு கிளினிக்ல கேட்டுட்டுக் கட்டுங்க.

செக்ரோல் புத்தகத்த எங்க வச்சி அடிக்கிறீங்க? இடது பக்கம் படுக்கப் போட்டா?

டிக்கோயா மைனா | செவ்வாய், இரவு 9.44

எப்படிக்கா தெரியும்!

பிசியோ அக்கா, பதுளை | செவ்வாய், இரவு 9.51

கழுத்துதான் சொல்லிருச்சே. ஒரு பேருக்கு ஒரு தடவை குனிஞ்சி திரும்புறீங்க. எத்தனை பேர் செக்ரோல்னு நீங்களே எண்ணிப் பாருங்க. புத்தகத்த கீபோர்டுக்கும் மொனிட்டருக்கும் நடுவுல சாய்வா நிறுத்தணும். சமையல் புத்தகம் வைக்கிற மாதிரி ஒரு சாய்ப் பலகை போதும், பாஸ் அண்ணன் அடிச்சித் தருவாரு. நீங்க நம்பர் அடிக்கிற ஆள், அதனால கீபோர்ட இன்னும் இடது பக்கம் தள்ளி, நம்பர் கட்டம் வலது தோளுக்கு நேரா வர்ற மாதிரி வைங்க.

பாமினி டைப்செட்டர் | புதன், காலை 6.15

நம்பர் அடிக்கிறவங்களுக்கு மட்டும் இல்ல, தமிழ் அடிக்கிறவங்களுக்கும் ஒரு கதை இருக்கு. நான் ஹட்டன்ல அச்சுவேலை. பதினஞ்சு வருசம் பாமினி எழுத்துருவுலதான் தமிழ் அடிச்சேன். எனக்கு வலி வலது சுண்டுவிரல்ல மட்டுந்தான் வரும், வேற எங்கயும் இல்ல. காரணம் புரிய ரொம்ப நாளாச்சி. பாமினில புள்ளி எங்க இருக்கு? செமிகோலன்ல. அது சுண்டுவிரல் கட்டை. 'தமிழ்' அடிச்சா ஒரு புள்ளி, 'ஹட்டன்' அடிச்சா ரெண்டு புள்ளி. கல்யாணப் பத்திரிகை ஒண்ணு அடிச்சி முடிக்கிறப்ப சுண்டுவிரல் அழுதிரும்.

ரெண்டு வருசத்துக்கு முன்னால தமிழ்99 கீபோர்ட் முறைக்கு மாறினேன். அதுல புள்ளி எஃப் கட்டையில, இடது ஆட்காட்டி விரலுக்குக் கீழ. 'ட்ட', 'க்க' மாதிரி ஒரே எழுத்து ரெண்டு தடவை வந்தா புள்ளி தானாவே விழுந்திரும். மூணு வாரம் ஆமை வேகம், முதலாளி முறைச்சாரு. இப்ப விரல் நல்லா இருக்கு. பழைய ஃபைல் எல்லாம் இன்னும் பாமினியில கிடக்கிறதால அதையும் முழுசா விட முடியல.

கச்சேரி வடக்கான் | புதன், மதியம் 12.40

நான் யாழ்ப்பாணம், வேலை நுவரெலியாக் கச்சேரியில (மாவட்டச் செயலகம்). ரெண்டு விசயம் சொல்லுறன். முதலாவது யன்னல். இஞ்ச மூடுபனி இறங்கினா வெளியில இருட்டிறேல்லை, வெள்ளையாய்க் கண்ணைக் குத்தும். எனக்கு யன்னலுக்கு முன்னால மேசை போட்டுத் தந்தவை, நல்ல காட்சி எண்டு. மொனிட்டருக்குப் பின்னால அவ்வளவு வெளிச்சம் இருந்தா எழுத்துத் தெரியாது, பின்னேரத்தில தலையிடி. முதுகுப் பக்கம் யன்னல் வந்தாலும் திரையில வெளிச்சம் தெறிக்கும். யன்னல் பக்கவாட்டில இருக்க வேணும். மேசையைத் திருப்பினன், தலையிடி பாதி போச்சு. மிச்சம் கண் சிமிட்டுறது. திரையைப் பாக்கேக்கை நாங்கள் சிமிட்டுறது குறைவு. 20 நிமிசத்துக்கு ஒருக்கா 20 அடிக்கு அப்பால 20 செக்கன் பாக்கச் சொல்லுறவை. உங்களுக்கென்ன, எதிர்மலை இருக்கு. கொழும்பில இருக்கிறவை பக்கத்துக் கட்டடத்துச் சுவரைத்தான் பாக்க வேணும்.

ரெண்டாவது குளிர். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். தை மாசத்தில விடிய 10 பாகைக்குக் கீழயும் போகும். 2004 இல கோர்னெல் பல்கலைக்கழக ஆக்கள் புளோரிடாவில ஒரு காப்புறுதிக் கந்தோரில சோதிச்சவை. 20 பாகையில இருந்து 25 பாகைக்கு ஏத்த, தட்டச்சுப் பிழை 44 வீதம் குறைஞ்சதாம். ஒரே ஒரு கந்தோர்தான், அதை வேதவாக்காய் எடுக்கேலாது. எண்டாலும் காலமை விறைச்ச விரலோட அடிச்ச கடிதத்தைப் பாத்த எனக்கு நம்பக் கஷ்டமில்லை. விரல் நுனி வெட்டின கம்பளிக் கையுறை போடுறன். ஆக்கள் சிரிக்கினம், சிரிக்கட்டும்.

பிசியோ அக்கா, பதுளை | புதன், மதியம் 1.10

குளிருக்கு எண்டு கதவு சன்னல் சாத்திட்டு கரிச்சட்டி மட்டும் வைக்காதீங்க. அந்தப் புகையில உள்ள நஞ்சுக்கு மணம் கிடையாது. தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், எழும்ப மாட்டீங்க.

லயத்து லெப்டொப் | புதன், இரவு 11.50

எனக்கு மேசையே இல்லண்ணே. மஸ்கெலியா, லயத்து வீடு, ராத்திரி வெளிநாட்டுக் கம்பனிக்கு ஆன்லைன் வேலை. கட்டில்ல சம்மணம் போட்டு மடியில லெப்டொப். எனக்கு என்ன வழி?

கொட்டகலை பாஸ் | வியாழன், காலை 5.40

தம்பி, லெப்டொப்புல கோளாறே திரையும் கீபோர்டும் ஒட்டிக்கிட்டு இருக்கிறதுதான். கைக்கு சரியா வச்சா கழுத்து குனியும், கழுத்துக்கு சரியா வச்சா கை தூக்கும். தனி கீபோர்ட் ஒண்ணு, மவுஸ் ஒண்ணு வாங்கு. லெப்டொப்ப ஓஎல் படிச்ச புத்தகத்து மேல தூக்கி வை. கட்டில வேணாம். சாப்பாட்டு மேசை, தையல் மெசின் பலகை, எது இருக்கோ அதுல. தையல் மெசின் பலகை அநேகமா சாப்பாட்டு மேசைய விட தாழ்வா இருக்கும், கீபோர்டுக்கு நல்ல உயரம்.

லயத்து லெப்டொப் | வியாழன், காலை 5.44

அம்மாவோட மெசின் இருக்கு. அம்மாகிட்ட கேக்கணும், அதுதான் கஷ்டம்.

பழைய பெரிய கிளாக்கர் | வியாழன், காலை 9.30

இழை முழுவதையும் வாசித்தேன். 34 வருடம் தோட்ட ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவன். பிள்ளை மைனாவுக்கு ஒரு யோசனை.

எங்கள் காலத்தில் ஆபீஸில் இரண்டு விதமான மேசை இருந்தது. செக்ரோல், லெட்ஜர் எழுத உயர்ந்த மேசை. டைப்ரைட்டருக்குத் தாழ்ந்த மேசை. மெஷின் உயரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, டைப்பிஸ்ட் மேசையை 26, 27 இஞ்சியில் செய்திருப்பார்கள். கொம்பியூட்டர் வந்தபோது என்ன நடந்தது? டைப்ரைட்டரை ஸ்டோருக்கு அனுப்பினோம், கூடவே மேசையையும் அனுப்பிவிட்டோம். லெட்ஜர் மேசையில் கீபோர்டை வைத்தோம். அந்த மாற்றத்தைச் செய்தவர்களில் நானும் ஒருவன். என் தோளும் அதற்குப் பிறகுதான் கெட்டது, இன்றைக்குத்தான் காரணம் புரிகிறது.

ஸ்டோரில் பாருங்கள். விற்காமல் இருந்தால் உரச்சாக்குக்குப் பின்னால் கிடக்கும்.

இன்னொன்று, வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவர்களுக்கு. இரண்டு பார்வைக் கண்ணாடி என்றால் கீழ்ப் பாதியால் திரையைப் பார்க்க நாடியைத் தூக்குவோம். எனக்கு அதில்தான் கழுத்து போனது. திரையைத் தாழ்த்தி, கொஞ்சம் மல்லாத்தி வையுங்கள். இளையவர்களுக்குச் சொல்லும் உயரம் நமக்குச் சரிவராது.

தலவாக்கலை ராசா | வியாழன், மாலை 4.15

சும்மா அளந்து பார்த்தேன். மேசை 29, முழங்கை 29. நான் அஞ்சடி பத்து. எனக்கு ஒரு வலியும் இல்லன்னு அப்பவே சொன்னேன்ல.

பாமினி டைப்செட்டர் | வியாழன், மாலை 4.31

அண்ணே, உங்களுக்குன்னு அளந்து செஞ்ச மேசை அது. அதான் வலிக்கல.

டிக்கோயா மைனா | அடுத்த வாரம் சனி, இரவு 7.05

ஐயா, உங்க வாயில சக்கரதான் போடணும். மேசை இருந்திச்சி! உரச்சாக்குக்குப் பின்னால இல்ல, பழைய செக்ரோல் கட்டுக்கு அடியில. மேல ரெண்டு பெட்டி மருந்து டப்பா. லாச்சியில காஞ்சிபோன ரிப்பன் தகர டப்பா ஒண்ணும், யாரோ பாதியில விட்ட கார்பன் தாளும் இருந்திச்சி. உயரம் இருபத்தாறு இஞ்சி, அரை கூட இருக்கும். சின்ன மேசைங்கிறதால மொனிட்டர் அதுல நிக்கல. பெரிய மேசை விளிம்புல மொனிட்டர வச்சி, அதுக்கு முன்னால இத ஒட்டிப் போட்டு, கீபோர்டும் மவுஸும் இதுல. கைய நீட்டினா விரல் நுனி திரையத் தொடுது, அந்தத் தூரம் சரின்னு அக்கா உள்பெட்டியில சொன்னாங்க.

ஒரு கூத்து. யாரோ யூடியூப்ல சொன்னாங்கன்னு மொனிட்டருக்கு அடியில ரெண்டு ரீம் வச்சிருந்தோம். திரையோட மேல் விளிம்பு கண் மட்டத்துலயோ கொஞ்சம் கீழயோ இருக்கணுமாம். என் உயரத்துக்கு அந்த ரெண்டு ரீமும் இல்லாமலே சரியா வந்திருச்சி. இத்தனை நாளா நான் அண்ணாந்து பார்த்துட்டு இருந்திருக்கேன். அந்த ரீம்ல ஒண்ணு இப்ப காலுக்கு அடியில. பெரிய கிளாக்கர், "சம்பளத் தாள மிதிச்சிட்டு உக்காந்திருக்கியா"ன்னு கேட்டாரு. பலகை வர்ற வரைக்கும் அப்படித்தான்.

கதிரை விசயம்: ரெக்சின் வேணாம்னு துரைகிட்ட அளவத் தாள்ல எழுதிக் காட்டினேன். துணி சாய்மானம் வச்ச, ஏத்தி இறக்குற சின்ன கதிரை நாலு வாங்கினோம். மிச்சக் காசுல ரெண்டு மேசைக்கு கீபோர்ட் பலகை. ஆனா எங்க ஆபீஸ் பலகைத் தரை. கதிரைச் சக்கரம் பலகை இடுக்குல மாட்டுது, தரை வேற கொஞ்சம் சரிவு. சும்மா உக்காந்திருந்தாலே கதிரை மெதுவா கதவுப் பக்கம் போகுது. இதுக்கு என்ன செய்யலாம் பாஸ் அண்ணே?

தோள் இந்த மாசம் பரவாயில்ல. ராத்திரி மரத்துப் போறது இன்னும் இருக்கு, கிளினிக் தவணை அடுத்த மாசம் கிடைச்சிருக்கு.

கொட்டகலை பாஸ் | சனி, இரவு 7.30

சக்கரத்த கழட்டிட்டு அதே ஓட்டையில குமிழ் கால் மாட்டலாம், ஹட்டன்ல கிடைக்கும். உயரம் ரெண்டு இஞ்சி குறையலாம், அப்ப கதிரைய அந்த ரெண்டு இஞ்சி ஏத்தி வச்சிருங்க. இல்லாட்டி அடியில ஒரு பிளைவுட் தகடு. டைப்பிஸ்ட் மேசை இவ்வளவு நாள் ஸ்டோர்ல ஈரத்துல கிடந்திருக்கு. கால் நாலையும் ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையால குத்திப் பாருங்க, உள்ள இறங்குதான்னு.

டிக்கோயா மைனா | ஞாயிறு, காலை 10.20

குத்திப் பார்த்தேன். மூணு கால் கல்லு மாதிரி. பின்னால இடது கால்ல அரை இஞ்சி இறங்கிச்சி, கறையான் மண்ணும் கொட்டிச்சி. அறுத்து ஒட்டணும்னா நீங்கதான் வரணும். ஹட்டன்ல இறங்கி பொகவந்தலாவ பஸ் எடுங்க. சாய்ப் பலகைக்கும் கால் பலகைக்கும் சேத்து மரம் கொண்டு வாங்க. இந்தத் தடவை அறுக்க துரைகிட்ட எழுத்துல அனுமதி வாங்கிட்டேன், ஒரு கால் மட்டும்.